வீட்டைவிடக் குளிர்ந்திருந்த மாமனார்

பெயர் பாண்டிச்செல்வி, வயது 49, கணவர் பெயர் தங்கப்பாண்டி, குடியிருப்பு மதுரை செல்லூர். காவல் ஆய்வாளர் விசாரிக்க நான் சொல்லும் வாக்குமூலம்.

நான் மேற்படி ஊரில் கணவர், மகள், மருமகன் ராம்கி, கைக்குழந்தையான பேத்தி, மாமனார் வீரணன் ஆகியோருடன் வசித்து வருகிறேன். எங்களுக்கு விசைத்தறித் தொழில். மருமகனுக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை. மாமனாருக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. பல்தான் போயிருந்ததே தவிர வாய் குறையவில்லை.

இன்று காலை மாமனார் இரண்டாம் தடவை ஆட்டு ஈரல் கேட்டார், உடம்புக்கு ஆகாது என்று மருமகன் சட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார், அதன் பிறகு மாமனார் தெருவுக்கே கேட்கும்படி, "ஏய், இந்தப் பய என்னையக் கொல்லப் பாக்குறான்டா" என்று சத்தம் போட்டார். எங்கள் வீட்டில் இது வழக்கமாக நடப்பதுதான். மருமகன் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

மதியம் பேத்தியின் காதுகுத்துக்குக் கொட்டு அடிக்கிறவர்கள் கூலி பேச வந்தார்கள். அடித்துக் காட்டச் சொன்னோம், அடித்தார்கள், மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தில் இறங்கி ஆடினார், நானும் கூட ஆடினேன். அதன் பிறகு அவர் வாசற்படியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் அடிங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். படியில் தலை பட்டு ரத்தம் வந்தது. தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

அதன் பிறகு என் நாத்தனார் திருப்பூரிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதால் கருப்பு என்பவரிடம் ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து, மாமனாருக்குத் திருநீறு பூசி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, மாலை போட்டு அதில் வைத்தோம். சாயங்காலம் வரை பெட்டி ஓடியது. காலையில் கேட்ட சத்தத்தைத் தெருவில் யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. என் கணவர், "பொணத்த அசைச்சது தெரிஞ்சா அம்புட்டுப் பேரையும் தூக்கிருவாங்க, எடுங்கடா" என்றார். மாலையைக் கழற்றி, திருநீற்றைத் துடைத்து, மாமனாரை மறுபடியும் படிக்குப் பக்கத்திலேயே கிடத்தி, பெட்டியைச் சந்து வழியாக அனுப்பிவிட்டு, யாரும் தொடவே இல்லை என்று சொல்வதென்று பேசி வைத்துக்கொண்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அதன் பிறகு ஆய்வாளரும் டாக்டர் சுபலட்சுமியும் வந்தார்கள். டாக்டர் உடம்பின் சூட்டைப் பார்த்தார். செத்தபின் சூடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து நேரம் சொல்வார்களாம். நாங்கள் மதியம் என்றோம், சூடு காலையில் என்றது. ஆய்வாளர் எங்களை நம்பாமல், காலையில் கேட்ட சத்தத்தை வைத்து, அப்போதுதான் வேலை முடிந்து வந்து இறங்கிய மருமகனைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். என் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

டாக்டர் மட்டும், "சார், இருங்க. இந்த வெயிலுக்கு இவர விட வீடே சூடா இருக்கு. அதுக்குங் கீழ உடம்பு எப்படிக் குளிரும்?" என்று சொல்லி, வேட்டியை லேசாக விலக்கிப் பார்த்தார். கால் விரல் கட்டை அவிழ்க்க எல்லோரும் மறந்திருந்தார்கள். "ஏம்மா, கீழ விழுந்தவரு தன் கால் விரலத் தானே கட்டிக்கிட்டாரா?" என்று கேட்டார். இழவு வீடு என்றும் பாராமல் நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை.

அதன் பிறகு, "ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம் டாக்டரம்மா, எம் மாப்ளய விடச் சொல்லுங்க" என்று நடந்தது முழுவதையும் சொன்னேன். கருப்புவை அழைத்துக் கேட்டார்கள், கொட்டுக்காரர்களைக் கேட்டார்கள், கப்பலூருக்குப் போன் செய்தார்கள். மதியம் மருமகன் மெஷினில் நின்றது தெரிந்தது. பெட்டியையும் சேர்த்துப் பார்த்தால் மதியம் இறந்தது சரியாக வரும் என்று டாக்டர் சொன்னார். மருமகனை இறக்கிவிட்டார்கள். மகள் அவரை முதுகில் நாலு அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மாமனாரின் சாவில் யார்மீதாவது சந்தேகம் உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். சந்தேகம் இல்லை ஐயா, அந்தச் சாவின்மேல் பொறாமைதான் இருக்கிறது.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடி உண்மையாக இருக்கிறது. இடையிடையே நான் சிரித்ததை மட்டும் ஏட்டையா எழுதவில்லை.

(ஒப்பம்) பாண்டிச்செல்வி