கோடையில் தண்ணீர் காட்டக் கூடாது

வெங்காயம் வளர்க்கிறேன் என்றால் எல்லோரும் சமையலுக்கா என்றுதான் கேட்பார்கள். நீங்களும் அதையே கேட்டீர்கள். இல்லை சார். இது மலைக்காட்டு வெங்காயம், பூவுக்காக வளர்ப்பது. விதை போட்டால் பூக்க ஏழு வருஷம் பிடிக்கும். கோடை வந்ததும் இலையெல்லாம் காய்ந்து விழுந்துவிடும். பார்க்கிறவர்கள் செத்துப்போச்சு என்பார்கள். சாகவில்லை, மண்ணுக்குள் கிழங்கு தூங்குகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் பட்டால் அழுகிவிடும்.

அண்ணன் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. என் கல்யாணப் பேச்சை ஓரங்கட்டிவிட்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள், அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. என் வெங்காயத்தில் அடுத்த பருவம் முதல் பூ வரவேண்டியிருந்தது. வெயில் நன்றாக விழுகிறதே என்று அவர் கட்டிலருகே ஜன்னலில் தொட்டியை வைத்தேன். என் தப்பு என்றால் அது ஒன்றுதான்.

ஒருநாள் தொட்டுப் பார்த்தேன், மண் ஈரமாக இருந்தது. தோண்டினால் கிழங்கு கூழாகி நாறியது.

"பாவம்மா, தாகத்துல காஞ்சு கிடந்துச்சு. நான் குடிச்ச மிச்சத்தை தினமும் அதுக்குத்தான் ஊத்துறேன்" என்றார் அண்ணன். முகத்தில் அத்தனை பெருமை.

இத்தனை வருஷ உழைப்பு போச்சு. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. மிச்சம் இருந்தால்தானே ஊற்றுவார்? அவர் கட்டிலருகே இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள், "தொண்டை வறளுது, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

"கோடையில ஓய்வா இருங்கண்ணா" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

அதன் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நான் தலை வாரிவிட்டேன், விரிப்பு மாற்றினேன், ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று விசாரித்தபோது, "தூங்குறாருக்கா" என்றேன். உதடு வெடித்துத் தோல் உரிந்தது. தூங்கும் கிழங்குக்கும் மேல்தோல் அப்படித்தான் உரியும். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார். அடம்பிடித்த பிள்ளை ஒருவழியாகச் சமாதானமானது போலிருந்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆமாம் சார், தண்ணீர் கொடுக்காமல் அண்ணனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உதவி. மதிலோரம் இன்னொரு தொட்டி இருக்கிறது. வீட்டைப் பூட்டப் போகும் போலீஸ்காரரிடம் சொல்லிவையுங்கள், காய்ந்து கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு அதற்குத் தண்ணீர் ஊற்றிவிடப் போகிறார். பாவம், அது உயிரோடு இருக்கிறது.