இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு

உச்சி வேளை. இந்த ஊர்க் கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் தைலமரக் காடு. காற்றே இல்லை... ஆனாலும் சருகு மட்டும் சரசரக்கும். ராத்திரிப் பேய்க்குப் பயப்படுகிறவன் டவுன்காரன். எங்கள் பக்கத்தில் உச்சிப் பேய்தான் பொல்லாதது. ராத்திரியில் வருவது இருட்டை நம்பி வருகிறது. பட்டப்பகலில் வருகிறதே, அது எதை நம்பி வருகிறது?

கிட்டே வாருங்கள். இந்த ஜெனரேட்டர் சத்தத்தில் கத்திக் கத்திச் சொல்ல எனக்குத் தொண்டை இல்லை. நான் ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன். உங்கள் பெரியப்பா உள்ளே அதில்தான் படுத்திருக்கிறார். சிங்கப்பூர் மகன் வந்து சேரும்வரை பெட்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆலங்குடியிலிருந்து கோட்டைப்பட்டினம் வரைக்கும் எத்தனையோ துக்க வீட்டு வாசலில் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். பிணத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை. பிணத்தைச் சுற்றி இருப்பவர்களைப் பார்த்துத்தான் சிரிப்பு வரும். இப்போதுகூடப் பாருங்கள்... ஒருவர் ஒதுங்கப் போனால் துணைக்கு இரண்டு பேர் போகிறீர்கள். எல்லோருடைய கழுத்திலும் சிலுவை வேறு தொங்குகிறது.

சாமி, பூதம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்ததும் இல்லை. என் கூட்டாளி ராசுவின் அக்கா மதலைமேரிக்கு நடந்தது. இதே ஊர்தான். நீங்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறவர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அதோ, வேப்பமரத்தடியில் கறுப்பாக நிற்கிறதே, சைக்கிள் சக்கரம் வைத்த மரப்பெட்டி. அதற்குத் தூம்பா என்று பெயர். ஊருக்கே ஒரு தூம்பாதான். பணக்காரனும் அதில்தான் போவான், பரதேசியும் அதில்தான் போவான். குழிவரை கொண்டுபோய், பிணத்தைப் பாயோடு தூக்கி உள்ளே இறக்கிவிட்டு, வெறும் பெட்டியை அன்றைக்கே கோயிலுக்கு உருட்டி வந்துவிட வேண்டும். வெறுந்தூம்பா கல்லறையில் தங்கினால் அடுத்த ஆளைக் கேட்கும் என்று ஒரு பேச்சு. ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள், நான் சொல்லவில்லை.

மதலைமேரியின் புருஷன் பெயர் அடைக்கலம். தேங்காய் பறிக்கிறவன். மரத்தில் ஏறியதும் அரிவாளைத் திருப்பி, அதன் முதுகால் காயைத் தட்டுவான். இரண்டு தட்டு... நிறுத்திக் காது கொடுத்து... ஒரு தட்டு. டொக் டொக்... டொக். அந்தச் சத்தத்திலேயே முற்றலா, இளசா என்று சொல்லிவிடுவான். கை அப்படியே பழகிப்போயிற்று. டீக்கடை மேசை, பஸ் கம்பி, சொந்த வீட்டுக் கதவு... எதைக் கண்டாலும் அதே தட்டு. ஊருக்கே தெரியும். அவன் வந்து கதவைத் தட்டினால் மதலைமேரி யார் என்று கேட்டதே இல்லை.

ஒரு நாள் மரத்திலிருந்து விழுந்தான். பெரியாஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடல். சித்திரை வெயில். சாயங்காலம்வரை தாங்காது என்று உச்சி வேளையிலேயே எடுத்தார்கள். பங்குச் சாமியார் கோயிலில் செபம் சொல்லி மந்திரித்துவிட்டு வேறு ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். கல்லறைக்குக் கூட்டத்தை நடத்திப் போனவர் உபதேசியார் ஜெரால்டு. சாமியார் இல்லாத நேரத்தில் செபம் சொல்லிக் கொடுக்கிறவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் போதும். "பயப்படாதீங்க... ஆண்டவர் நம்ம கூடவே இருக்காரு, பயப்படாதீங்க." இதையே அரை மணி நேரம் சொல்லுவார். கேட்கிறவனுக்கு, இவ்வளவு தூரம் சொல்கிறாரே, ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே என்று பயம் வந்துவிடும். வீட்டு நிலையில் சிலுவை, சன்னலில் சிலுவை, மோட்டார் சைக்கிளில் சிலுவை. தலைமாட்டில் தீர்த்தப் பாட்டில். ஆண்டவர் கூடவே இருக்கிற ஆளுக்கு இத்தனை காவல் எதற்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பெண்கள் கோயில் வாசலோடு நின்றுவிடுவது இந்த ஊர் வழக்கம். தாலி இழந்தவள் அன்றைக்கு வீட்டுப் படியையே தாண்டக் கூடாது. ஆகவே குழிக்குப் போனது ஆம்பளைகள் மட்டும்தான். உடலை இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். இனி மண்வெட்டியால் தள்ளி மூட வேண்டியதுதான். ஒருவன் மண்வெட்டியை எடுக்கக் குனிந்தான். அப்போது... முதுகுக்குப் பின்னால்... வெறுந்தூம்பாவுக்குள்ளிருந்து...

டொக் டொக்... டொக்.

மெழுகுவத்திப் புகை அப்படியே நின்றதாம். எங்கிருந்தோ பச்சைத் தேங்காய் மட்டை வாசனை. சுற்றிலும் தைலமரம்தான், ஒரு தென்னைகூடக் கிடையாது. மறுபடியும்... டொக் டொக்... டொக். மூடியின் உள்பக்கம்.

முதலில் ஓடியது யார் என்று சொல்லவும் வேண்டுமா. அவர் கழுத்துச் செபமாலை ஒரு கிளையில் மாட்டி அறுந்து மணி மணியாகச் சிதறியது. நின்று பொறுக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர்களுக்கு இருட்டுகூடத் தேவைப்படவில்லை. செருப்பையும் மண்வெட்டியையும் பிணத்தையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர் ஆம்பளை அத்தனையும் ஓட்டம். நேராகக் கோயிலுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள். என் கூட்டாளி ராசுவும் ஓடினான், சொந்த மச்சானைத் திறந்த குழியில் விட்டுவிட்டு. அவனே சொன்னான், வெட்கமில்லாமல்.

என்ன தம்பி அருண்குமார், வாயைத் திறக்கிறீர்கள்?

"இல்லண்ணே... உள்ள எலி ஏதாச்சும் மாட்டியிருக்கும்."

இருக்கலாம். எலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஓர் எலிக்கு ஒரு ஊரே ஓடியது என்றாகிறது. அது இன்னும் கேவலம்.

ராசு மட்டும் கோயிலுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்கு ஓடினான். மூச்சு வாங்க வாசலில் நின்று, "அக்கா... மச்சான் எந்திரிச்சுட்டாருக்கா" என்றான்.

அவள் கேட்டது ஒன்றுதான். "குழிய மூடுனீங்களா?"

"பெட்டிக்குள்ள தட்டுதுக்கா. அவரு தட்டுற மாதிரியே."

"குழிய மூடுனீங்களாடா?"

"இல்லக்கா."

அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது. பயந்துதான் போனாள், அதை மறைக்கவும் இல்லை. சுவரில் இருந்த சேசு படத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அவரு ஆண்டவர்கிட்டப் போயிட்டாருன்னு காலையில எல்லாரும் சேந்து பாடுனீங்க. மத்தியானம் பெட்டிக்குள்ள இருக்காருங்கிறீங்க. ரெண்டுல ஒண்ணுதான நெசமா இருக்க முடியும்?"

படியைத் தாண்டி இறங்கிவிட்டாள். பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். "தாலி அறுத்த அன்னைக்கே போகக் கூடாதுடி, அதுவும் உச்சியில." அவள் கையை உதறினாள். "அறுத்துத் தச்ச ஒடம்பு வெயில்ல கெடக்கு. நாய் வரதுக்குள்ள போகணும். ஆண்டவரு வராரு என்கூட. நீங்க இருங்க."

துணிச்சல்காரி என்று நினைக்காதீர்கள். இருட்டினால் கொல்லைப்பக்கம் போக மாட்டாள், அப்படிப்பட்ட பெண். "நடுங்குச்சுடா" என்றுதான் பிறகு ராசுவிடம் சொன்னாள். "நடுங்கிக்கிட்டே நடந்தா போய்ச் சேராதா என்ன."

தனியாகப் போனாள். தைலமரக் காட்டில் அவள் காலடிச் சருகுச் சத்தம் மட்டும். கல்லறைத் தோட்டத்தில் ஜோடி பிரிந்த செருப்புகள்... சாய்ந்த சிலுவை... பாதி எரிந்த மெழுகுவத்திகள். நடுவில் தூம்பா. அவள் குழியருகே வந்ததும் தட்டியது. டொக் டொக்... டொக். அவள் திரும்பவில்லை. கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே மண்ணைத் தள்ளினாள். அவள் சொல்லச் சொல்ல அதுவும் தட்டிக்கொண்டே இருந்தது. குழி மூடி, மேடு கட்டி, சிலுவையை நட்ட பிறகுதான் பெட்டியைப் பார்த்தாள்.

அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வந்திருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அடைக்கலம் பேயாக அலைகிறான் என்று ஆகிவிடும். அவள் வாசலில் ஒருத்தரும் மிதிக்க மாட்டார்கள். அவளுடைய பெண் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போனால் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காராது. நல்லபடியாக வாழ்ந்து செத்த மனிதனின் பெயர் அந்தப் பெட்டியோடு கல்லறையில் கிடக்கும். ஆகவே கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

கிரீச்... கிரீச்... கிரீச். முதலில் லேசாகத்தான் வந்தது. காட்டின் நடுவில் வரும்போது சக்கரம் மண்ணில் அழுந்த ஆரம்பித்தது. ஒரு ஆள் பாரம். பச்சை மட்டை வாசனை பிடரிக்குப் பின்னால். தட்டு இப்போது அவள் முதுகை ஒட்டிக் கேட்டது. டொக் டொக்... டொக்.

நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"நீ என் வீட்டுக்காரரு இல்ல. அவரு ஆண்டவர் கையில இருக்காரு. அங்கிருந்து எறங்கி வந்து பெட்டியில ஒளிஞ்சு வெளையாட அவருக்கு என்ன தலையெழுத்தா? அவரு தட்டுறதக் கேட்டுப் பழகிக்கிட்டு வந்திருக்க. வேற பொழப்பு இல்லியா ஒனக்கு?"

சத்தம் நின்றது.

"எறங்கி நடந்து வான்னு சொல்லலாம். ஒங்களுக்குத்தான் காலே கெடையாதாமே. சரி, உக்காந்தே வா. என் ஆண்டவரு முன்னால போறாரு, நான் அவரு பின்னால போறேன். நீ பாரம், அவ்வளவுதான்."

பிறகு அது தட்டவில்லை. பாரம் மட்டும் குறையவில்லை. கைப்பிடி உரசிக் கை தோல் உரிய இழுத்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

கோயில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மைக்கில் ஜெரால்டு, பயப்படாதீங்க, பயப்படாதீங்க. ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்று தாழ் போட்டிருந்தார்கள். வெளியே இருக்க மாட்டார் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இவள் கதவைத் தட்டினாள். அவ்வளவுதான், உள்ளே ஒரே அலறல்.

"நான்தாங்க, மதலைமேரி. குழிய மூடிட்டேன். பெட்டியக் கொண்டாந்துட்டேன். ஒருத்தர் வந்து கை குடுங்க, கனமா இருக்கு."

ஒருத்தரும் திறக்கவில்லை. செபம்தான் இன்னும் சத்தமாயிற்று. மீசை வைத்த முகங்கள் சன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்ததை, அக்காவைத் தேடி வந்து தூரத்திலேயே நின்றுவிட்ட ராசு கண்ணால் கண்டிருக்கிறான். த்தூ.

அவளே மூடியைத் தூக்கினாள். உள்ளே இரண்டு மூன்று பாய்க் கோரை, ஒரு வாடின சாமந்தி. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் மூடி திறந்ததும் வண்டி ஒரு தரம் ஆடி, உயர்ந்து நின்றதாம். யாரோ இறங்கினாற்போல.

"எறங்கிட்டியா" என்றாள் அவள். "போ. என் வீட்டுப் பக்கம் வந்துறாத. அங்க ஆள் இருக்காரு."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கதவைத் தாழ்கூடப் போடாமல் படுத்துத் தூங்கினாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் கதவை வேண்டாத ஒருத்தரும் தட்டியதில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன், இப்போதும் இல்லை. ஆனால் அவளுக்கு இருந்தது. அதை நான் மதிக்கிறேன். இந்த ஊரில் வேறு எதையும் மதிக்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் உச்சி வேளையில் ஜெரால்டு வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. திறந்தால் ஆள் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. தீர்த்தம் தெளித்தார். நிலையில் இன்னும் நான்கு சிலுவை அடித்தார். பகலெல்லாம் மெழுகுவத்தி எரித்தார். மதலைமேரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதற்கு மனசு வரவில்லை. கடைசியில் ஆசாரியைக் கூட்டிவந்து கதவையே கழற்றிவிட்டார். கதவு இருந்தால்தானே தட்டும் என்று. எப்படி மூளை, பாருங்கள். தட்டுவது அன்றோடு நின்றுவிட்டது. பேயை நான்தான் செபத்தால் துரத்தினேன் என்று மைக்கில் சாட்சி வேறு சொன்னார்.

கதவில்லாத வீட்டுக்குள் வருகிறவர் எதற்காகத் தட்ட வேண்டும்?

அதோ, வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் புதுச் செபமாலை. உங்கள் பெரியப்பாவுக்குச் செபம் சொல்லப் போகிறார். உள்ளே ஐஸ் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்து விசிறுகிறாளே, அவள்தான் மதலைமேரி. அவள் அவரை நிமிர்ந்தே பார்க்க மாட்டாள், கவனியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லோரும் அலோ அலோ என்பார்கள். இவர் விரல் முட்டியால் தட்டுவார். ஏன் அப்படித் தட்டுகிறீர்கள் என்று ராசு ஒரு நாள் கேட்டான். "நான் எங்கடா தட்டுனேன்?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாராம்.

பேசாமல் இருங்கள். மைக்கைக் கையில் வாங்கிவிட்டார்.

டொக் டொக்...