காலடி ஓசை நின்ற கணம்

அன்பால் எங்களை ஆள்கிற அவைத்தலைவர், மருந்துக்கடை ஐயா அவர்களே! இந்தத் திரைப்படக் கழகத்தைக் கைக்குழந்தையாய் ஏந்தி, கண்ணின் மணியாய்க் காத்து வளர்த்த பெரியோர்களே! இருட்டில் அலறிவிட்டு, விளக்கு எரிந்ததும் ‘நானா கத்தினேன்?’ என்று கேட்கும் அருமைத் தாய்மார்களே! அலறாமல் அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் கையை நசுக்கிவிடும் சகோதரிகளே! கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு ‘இதெல்லாம் ஒரு பயமா’ என்று அமர்ந்திருக்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பல் டாக்டரின் பணிவான வணக்கம்.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். என்னைப் பார்த்துக் கைதட்டும் கூட்டம் எனக்குப் புதிது. என்னைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொள்ளும் மனிதர்களோடுதான் என் பிழைப்பு. ஆகவே, அச்சத்தைப் பற்றிப் பேச இந்த ஊரில் யாருக்குத் தகுதி உண்டோ இல்லையோ, எனக்கு உண்டு.

தலைவர் ஐயா சற்று முன் ஒரு கேள்வி கேட்டார். “வீட்டுல இல்லாத பயமா? அதை வேற இங்க வந்து பாக்கணுமா? இந்த மனசைக் கலக்குற படங்களை நிறுத்திட்டா என்ன?” என்றார். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஐயா, நீங்கள் கேலியாகக் கேட்ட கேள்விக்கு என் குடும்பத்தில் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இதே கூடத்தில் நாம் ஒரு படம் பார்த்தோம். மாடி வீடு. மனைவியை இழந்த ஒரு மனிதன். முதல் காட்சியில் தன் சின்ன மகளை மாடியறையில் படுக்கவைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, ‘பத்திரமா இரு’ என்று சொல்லிக் கதவைப் பூட்டுகிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாடியில் காலடி ஓசை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. அவன் நடுங்குகிறான். ஜன்னலுக்கு ஆணி அடிக்கிறான். படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டின்மேல் பூட்டுப் போடுகிறான். நாமும் அவன் பக்கம் சேர்ந்து, ‘இன்னொரு பூட்டுப் போடு’ என்கிறோம்!

என்ன தம்பி? பேய் எப்போது வரும் என்றா கேட்கிறீர்கள்? பொறுங்கள். அந்தப் படத்தில் பேயே இல்லை. சொட்டு இரத்தம் இல்லை. ஒரு நாள் அந்த ஓசை நின்றுபோகிறது. அவன் பெருமூச்சு விடுகிறான், அடுப்பில் தேநீர் வைக்கிறான், படத்தில் முதன்முறையாகச் சிரிக்கிறான். பிறகு மெல்ல மாடியேறிப் பூட்டைத் திறக்கிறான். சின்னக் கட்டில். தரைவிரிப்பில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, ஒரு சின்னஞ்சிறு கால் நடந்து நடந்து தேய்த்த தடம். படம் முடிந்தது.

அம்மம்மா! அன்று இந்தக் கூடம் மூச்சுவிட மறந்தது. அந்தக் குழந்தையை மறந்தவன் அவன் மட்டும்தானா? முதல் காட்சியில் நம் கண்ணெதிரேதானே பூட்டினான்? நாம் பார்த்தோமே! பார்த்துவிட்டு நாமும் மறந்தோமே! நடப்பது யார் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? நம்மைக் குற்றவாளியாக்கி, நம்மையே நீதிபதியாகவும் உட்காரவைத்த அந்தக் கலையை என்னவென்று சொல்வேன்!

நம் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் விளக்கைப் போடமாட்டோம். முகம் தெரியாத இருட்டில், தான் பயந்த இடத்தை அவரவர் சொல்லவேண்டும். அன்று தையற்கடை அக்கா, “முதல் காலடி கேட்டப்போ எனக்கு உசிரே போயிருச்சு” என்றார். தலைவர் ஐயா, “அந்தப் பூட்டுச் சத்தம்” என்றார். மறக்காதீர்கள் ஐயா, நீங்களும் பயந்தீர்கள்! பிறகு என் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. அது என் அண்ணன்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது அவர் வேலை. நாள்தோறும் நசுங்கிய கதவும் உடைந்த கண்ணாடியும் பார்த்துப் பார்த்து, உலகமே ஒரு விபத்து என்று முடிவுகட்டிவிட்டவர். படம் பார்க்கும் ஆசையில் அவர் அன்று வரவில்லை. தங்கை தனியாக வீடு திரும்பக்கூடாது என்று காவலுக்கு வந்தார்! எனக்கு நரைத்துவிட்டது என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் வாயாடி. கடலைப் பற்றிப் படித்தவள். ஆராய்ச்சிக் கப்பலில் வேலை கிடைத்தது. “கப்பலா? கடல்லயா? என் பொணத்தைத் தாண்டிப் போ” என்றார் அண்ணன். விடுவாளா வாயாடி? “உங்க பயத்துக்கு நான் ஏம்பா வீட்ல உக்காரணும்?” என்று காலையில் சண்டை, மாலையில் சண்டை. கதவு அறையும், தட்டு பறக்கும். அண்ணி தலையில் கைவைத்துக்கொள்வார். நானும் நடுவில் பேசிப் பார்த்தேன். “நீ பல்லைப் பாரு, போதும்” என்று அனுப்பிவிட்டார்.

பிறகு ஒருநாள் சண்டை நின்றது. கேட்டதற்கெல்லாம் “சரிப்பா” என்றாள். கதவு அறையவில்லை. தட்டு பறக்கவில்லை. அண்ணன் என்னைத் தேடிவந்து, முகமெல்லாம் பல்லாக, “பொண்ணு வழிக்கு வந்துட்டா!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அண்ணன்தான் அன்று இருட்டில் பேசினார்.

“அந்தச் சத்தம் நின்னுச்சே... எனக்கு அப்பத்தான்.”

யாரோ சிரித்தார்கள். “சார், அப்பத்தானே நிம்மதியா இருந்துச்சு!”

“எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு,” என்றார் அண்ணன். குரல் உடைந்தது. “அதான் பயமா இருக்கு.”

விளக்கு எரிந்தபோது, பேயே இல்லாத படத்தைப் பார்த்துவிட்டுப் பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். பெற்றவள் கெஞ்சி முடியவில்லை. அத்தை நான் வாதாடி முடியவில்லை. திரையில் ஆடிய ஒரு நிழல் முடித்துவிட்டதே! எங்கிருந்து வந்தது ஒளிக்கும் இருளுக்கும் இத்தனை வல்லமை?

மறுநாள் காலையில் நடந்ததை வாயாடியே என்னிடம் சொன்னாள். சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணன் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்.

“அந்தக் கப்பல் வேலை என்னம்மா ஆச்சு?”

“அது போயிருச்சுப்பா. வேற ஆளைப் போட்டுட்டாங்க. விடுங்க.”

“வேற கப்பல் இருக்கும்ல?”

“நீங்கதான் வேணாம்னீங்களே. சரின்னு சொல்லிட்டேன்ல.”

“சரின்னு சொல்லாதம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும், என்கிட்ட சண்டை போடு.”

அவள் திரும்பிப் பார்த்தாளாம். அப்பா அழுதுகொண்டிருந்தாராம். கையிலிருந்த தட்டை ‘டமால்’ என்று தொட்டியில் போட்டுவிட்டு, அத்தனை நாள் அடைத்துவைத்ததையெல்லாம் சேர்த்து அவள் போட்ட சத்தத்தில், கடைக்குப் போயிருந்த அண்ணி தெருமுனையிலிருந்து ஓடிவந்தாராம். உள்ளே வந்து பார்த்தால், மகள் திட்டுகிறாள், அப்பா அழுதுகொண்டே தலையாட்டுகிறார்!

தலைவர் ஐயா, வீட்டில் இல்லாத பயமா என்று கேட்டீர்களே! வீட்டில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருப்பதால் நம் கண்ணில் படவில்லை. அதை எடுத்துத் திரையளவு பெரிதாக்கி, ‘பார், இது உன்னுடையது’ என்று காட்டும் படத்தை நிறுத்தலாமா? நடுங்கவைத்து மறக்கவைக்கும் படங்கள் ஆயிரம் வரட்டும், போகட்டும். நடுங்கவைத்து நினைக்கவைக்கும் படம் நம் கூடத்தில் ஓடவேண்டாமா? உறங்கவிடாமல் செய்து உள்ளத்தை உலுக்கி எழுப்பும் அந்தக் கலைக்குக் கதவைத் திறப்பீர்களா, பூட்டுப் போடுவீர்களா?

வாயாடி இன்று இங்கு இல்லை. எந்தக் கடலில் இருக்கிறாள் என்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அண்ணனைக் கேளுங்கள், தெரியும். எழுந்து நில்லுங்கள் அண்ணா, கூச்சம் வேண்டாம். பயம் போய்விட்டதா?

“எங்க போச்சு? காலைலகூட போன் பண்ணேன்!”

கேட்டீர்களா? என்ன சொன்னாள் அண்ணா?

“இப்படி ஓயாம போன் பண்ணா கடல்ல குதிச்சிருவேன்னு சண்டை போட்டா!”

அந்த முகத்தைப் பாருங்கள் ஐயா! மகள் திட்டியதற்கு இப்படிப் பூரித்துப்போன அப்பனை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

செவிகொடுத்த அவைக்கும், பொறுத்தருளிய தலைவருக்கும், இருட்டில் என்னோடு சேர்ந்து நடுங்கிய ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வீட்டுக்குப் போங்கள். சண்டை போடும் பிள்ளைகள் இருந்தால் கொண்டாடுங்கள். சத்தமே இல்லை என்றால், ஒருமுறை மாடியேறிப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.