பதினேழாம் நம்பருக்கு நிற்பவர்

– குறையே இல்லைன்னா எப்படி சார்? காலையிலேருந்து ஒவ்வொரு ஸ்டாப்பா போய், பஸ் வசதியைப் பத்தி கருத்து கேட்டுட்டு வரேன். எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க, பஸ்ஸை நான்தான் ஓட்டுற மாதிரி.

– இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். பஸ் பிரமாதமா வருது. அதாவது, வரும்போது பிரமாதமா வருது.

– லேட்டா வருதா சார்?

– லேட்டுன்னு எப்படிச் சொல்றது. நிதானமா வருது.

– என்னக்கா இது? சார் வாட்ச் ரிப்பேர் பண்றவர்னு சொன்னீங்க. அவருக்கே நேரத்தைப் பத்திக் குறை இல்லையா?

– அவர் கையில கட்டியிருக்கிறதைப் பாரு தங்கச்சி. அதுவே ஓடலை. ஊரார் வாட்சுக்கெல்லாம் உயிர் கொடுப்பார், தன்னோடது மட்டும் படுத்துக் கிடக்கும்.

– மேடம், அது பேட்டரி...

– நீங்க சும்மா இருங்க. தங்கச்சி, என் கருத்தையும் போனுல ஏத்திக்கோ. தையல்கடை வச்சிருக்கேன். எனக்கும் குறை ஒண்ணும் இல்ல. ஒன்பதாம் நம்பர் பஸ்ல ஒரு சீட்டு கிழிஞ்சிருந்துச்சு, அதையும் நானே ஊசி நூல் கொண்டுபோய் தைச்சுட்டேன்.

– ஓடுற பஸ்லயா?

– அதான் ஊர்ந்து போகுதே, தைக்க என்ன கஷ்டம்.

– ஐயோ அக்கா, ரெண்டு பேரும் இப்படிச் சொன்னா வம்பு உங்களுக்குத்தான். குறையே வரலைன்னா இங்க ஆளே ஏறலைன்னு முடிவு கட்டிடுவாங்க. ஏற்கெனவே இதை எடுத்துட்டு மார்க்கெட் ஸ்டாப்போட சேத்துடலாம்னு பேச்சு.

– எதைம்மா எடுக்கிறது?

– இந்த ஸ்டாப்பைத்தான் சார்.

– அதெப்படி எடுப்பாங்க? எடுக்கக் கூடாதும்மா. எழுதிக்கோ. கூடவே கூடாது.

– அக்கா, சாருக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?

– வெயில்.

– மேகமா இருக்கே.

– அப்போ புழுக்கம். நீ கேக்க வந்ததைக் கேளு.

– மார்க்கெட் ஸ்டாப்ல நிழல் இருக்கு, பெஞ்சு இருக்கு. உங்களுக்கு வசதிதானே சார்?

– என்ன வசதி? ஒரே இரைச்சல். ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது.

– பஸ் ஏறத்தானே சார் வரீங்க, பேசவா?

– மனுசன்னா நாலு வார்த்தை பேசத்தான் செய்வான் தங்கச்சி. அதுக்கு உன் போன்ல கட்டம் இல்லையா?

– இல்லக்கா. அடுத்த கேள்வி. சார், குடும்பத்தோட பஸ்ல போவீங்களா, தனியாவா?

– தனியா.

– தனியாதான்.

– நான் சாரைத்தான் கேட்டேன் அக்கா.

– எப்படியும் என்னையும் கேக்கத்தானே போற? முன்கூட்டியே சொல்லி வச்சேன்.

– அக்கா, ஒன்பது வந்துடுச்சு. உங்க பஸ்.

– போகட்டும். கூட்டம்.

– உள்ள கண்டக்டர் மட்டும்தான் இருக்கார்.

– அவரே ஒரு கூட்டம்தான். நீ அடுத்ததைக் கேளு.

– சரி. இந்த ஸ்டாப் நிலைக்கணும்னா ஒரே வழி. தினமும் இங்க யார் யார் எந்த பஸ் ஏறுறாங்கன்னு பதிவாகணும். அக்கா ஒன்பது. சார்?

– நானா? என்னையும் போடணுமா?

– ஒவ்வொரு ஆளும் முக்கியம் சார்.

– பதினேழு.

– பதினேழா?

– ஆமாம்மா, ஆஸ்பத்திரி வழியா போகுமே. மேடமோட பஸ் முதல்ல போயிடும், என்னோடது பின்னாடி வரும். தினமும் அப்படித்தான்.

– சார், பதினேழை மழைக்காலத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்களே.

– நிறுத்திட்டாங்களா?

– அப்போ இத்தனை நாளா நீங்க எதுல சார் போறீங்க?

– மேடம், தயவுசெஞ்சு என்னைப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் பாருங்க, சொல்லிடறேன். என் கடை இதோ இந்தப் பின்சந்துலதான் இருக்கு. எனக்கு எந்த பஸ்ஸும் வேண்டாம். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக இங்க நின்னேன். சில்லறை இருக்கான்னு கேட்டீங்க. அன்னைக்கு என்கிட்ட இல்லை. மறுநாள் பை நிறைய சில்லறையோட வந்து நின்னேன். அப்படியே பழகிடுச்சு. நீங்க ஏறிப் போனதும் திரும்பிப் போய் கடையைத் திறப்பேன். என்னைக்காவது பதினேழு முந்திக்கிட்டு வந்தா, கூட்டம்னு சொல்லி விட்டுடுவேன். இப்பல்லாம் அது முந்துறதே இல்லையா, எனக்கு நல்ல காலம் பொறந்துடுச்சுன்னு நினைச்சேன்.

– அக்கா, இதை நான் எந்தக் கேள்விக்குக் கீழ போடுறது?

– எதுலயும் போடாதம்மா. பொய் சொல்லி நின்னவன் நான். மேடம், நாளையிலேருந்து இந்தப் பக்கமே வரமாட்டேன். நீங்க சங்கடப்படாம பஸ் ஏறலாம்.

– போதும், ரொம்ப இழுக்காதீங்க, நூல் அறுந்துடும். அந்தப் பதினேழை ஓட்டிட்டிருந்ததே என் தம்பிதான். நிறுத்திட்டாங்கன்னு அவன் வந்து சொன்ன அன்னைக்கு ராத்திரி நான் பொட்டுக்கூடத் தூங்கலை, இனிமே நீங்க வரமாட்டீங்கன்னு.