சத்தமில்லாத டிரெய்லர்

கடகட சத்தத்தை நிறுத்துவது பெரிய வித்தை இல்லை, ஐயா. பழைய டயரில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, டிரெய்லரை மாட்டும் கொக்கியின் இடைவெளியில் இறுக்கிச் செருகினால் போதும். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

வண்டியும் பின்னால் இழுக்கிற டிரெய்லரும் என் மச்சானுடையவை. மனைவியின் அண்ணன். வீடு கட்டும் இடங்களில் சிமென்ட் கல் இறக்குவது தொழில். நான் ஓட்டுவேன், அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவார். என்னை நம்பிக் கல்லை அனுப்ப அவருக்கு மனம் வராது. அதில் எனக்கு வருத்தமில்லை. பொருள் அவருடையது.

நாங்கள் இருந்ததும் அவர் வீட்டில்தான். சாப்பிட உட்கார்ந்தால், "தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு இன்னொரு கரண்டி போடு. நாள் பூரா ஸ்டியரிங்கப் புடிச்சுக் களைச்சுப் போயிருக்காரு, பாவம்" என்பார். என் மனைவி சிரிப்பாள். அவளுக்கு நல்ல சிரிப்பு. முன்பெல்லாம் எனக்கும் அது பிடிக்கும்.

போன மாதம் கொக்கி ஆட்டம் கண்டது. பள்ளத்தில் இறங்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"மாப்ளே, காது கிழியுது. எதையாவது பண்ணி நிறுத்தித் தொலை. புதுசு கிதுசுன்னு கடைப்பக்கம் போயிடாத."

"சரி மச்சான்."

ஷெட்டில் மல்லாந்து படுத்துக் கழற்றினேன். கொக்கியைத் தாங்கும் போல்ட்டின் கழுத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல். துடைத்து, கிரீஸ் தடவி, அதையே திரும்பப் போட்டேன். புதுசு வேண்டாம் என்றது அவர்தான். ரப்பரைச் செருகியும் லேசாக ஒரு கிணுகிணுப்பு. கொக்கி விட்டுப்போனால் டிரெய்லரைப் பிடித்து நிறுத்த ஒரு சங்கிலி உண்டு, அதுதான் உரசிக்கொண்டிருந்தது. கழற்றி மூலையில் போட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மறுநாள் காலை வண்டியை வாசலில் உருட்டிக் காட்டினேன். "அட, உருப்படியா ஒண்ணு பண்ணிட்டியே!" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். சங்கிலியை மாட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் என் மனைவி சிரித்துவிட்டாள்.

கல் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஏற்றத்தில் பாரம் பின்னுக்கு இழுப்பது இருக்கையிலேயே தெரிந்தது. மச்சான் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தார். வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"மச்சான், கல்லக் கட்டின கயிறு தளர்ந்த மாதிரி இருக்கு. கிட்ட வந்து பாருங்க."

கயிறு நன்றாகத்தான் இருந்தது. அவர் டிரெய்லரை ஒட்டி வரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரேக்கை மிதித்து, சட்டென்று விட்டு, வண்டியை முன்னால் பாய்ச்சினேன். போல்ட் தெறித்தது எனக்குக் கேட்கவில்லை. வண்டி திடீரென்று லேசானது மட்டும் தெரிந்தது.

இறங்கிப் போனேன். டிரெய்லர் கவிழ்ந்து கிடந்தது. கற்களுக்கு அடியில் நெஞ்சுவரை புதைந்திருந்தார். "போன் பண்ணு மாப்ளே" என்றார். தண்ணீர் கேட்டார். தங்கையைக் கூப்பிட்டார். பிறகு ஏதேதோ. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டேன்.

போன் சட்டைப் பையிலேயே இருந்ததே, ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள். அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பெரியவர்கள் பேசும்போது நடுவில் போனை எடுப்பது மரியாதை இல்லை, ஐயா.