கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு முகம்

“நம்ம கல்யாணத்துக்கு ஒரு தேதி சொல்லுங்க” என்று கருணாகரனிடம் கேட்டேன். பெண்பிள்ளை வாயைத் திறந்து கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தார். கேட்டுவிட்டேன். அது தவிர மற்றதெல்லாம் அச்சு மெஷினைப் பற்றியது.

ராஜரத்தினம் ஐயா, நீங்கள்தான் எழுதச் சொன்னீர்கள். “நீ படிச்ச பிள்ளை. புது மெஷின் வந்ததுலேருந்து படம் ஏன் கெட்டுப்போவுது, ஏன் மாறிப்போவுதுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு” என்றீர்கள். இதுதான் அந்த ரிப்போர்ட்.

ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து நம் பத்திரிகைக்கு மெஷின் வந்து இறங்கியது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து ஓட்டினோம். எழுத்து முத்துமுத்தாக விழுந்தது. படங்கள் மட்டும் கெட்டன. முதல் வாரம் இளைஞர் சங்கத் தலைவரின் முகம் தார் பூசியதுபோல் வந்தது. “என் மூஞ்சியில என்னம்மா, கரிச்சட்டியக் கவுத்தீங்களா?” என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அடுத்த வாரம், பரிசு வாங்கிய மாணவிகள் நான்கு பேருக்கும் மூக்கே இல்லை. ஆண்கள் எல்லோரும் கூடி மையை மாற்றினார்கள், தாளை மாற்றினார்கள், மெஷினை விற்றவனைத் திட்டினார்கள். நான் ஓர் ஈய எழுத்தை எடுத்து பிளாக்கின் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தேன். உயரம் ஒத்துவரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

படத்தைத் துத்தநாகத் தகட்டில் எடுத்து மரக்கட்டையில் ஆணி அடித்து வைப்பதுதான் பிளாக். அது எழுத்தின் உயரத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். பழைய மெஷின் தேய்ந்துபோனது. அதற்குத் தக்கபடி கட்டைகளுக்கு அடியில் பல வருஷமாக அட்டைத் துண்டுகளை ஒட்டி ஒட்டி உயர்த்தியிருக்கிறோம். புது மெஷினில் அவை தூக்கிக்கொண்டு நின்றன, முகம் கறுத்தது. அட்டையைப் பிய்த்தால் சில கட்டைகள் தாழ்ந்துபோயின, மூக்கு விழவில்லை. எல்லாத் தகட்டையும் கழற்றிப் புதுக் கட்டையில், ஒரே அளவில் அடிக்கச் சொன்னேன். தம்பிராஜா அண்ணன்தான் அடித்தார். நம் அச்சுக்கோப்பவர்களில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவர் அவர் ஒருவர். “பி.ஏ. படிச்சா ஆணி புடுங்கவும் சொல்லிக் குடுப்பாங்களா, தங்கச்சி?” என்று கேட்டுச் சிரித்தார்.

யார் படம் என்பதைப் பழைய கட்டையின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தோம். கழற்றிய கட்டைகள் தண்ணீர் காய்ச்ச அடுப்புக்குப் போயின. பெயர்களும் போயின. தகட்டில் முகம் இடவலம் மாறி, சாம்பல் புள்ளிகளாகத்தான் இருக்கும். பார்த்தவுடன் இன்னார் என்று சொல்ல நம் பிரஸ்ஸில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் பழக்கம். எனக்கு. இனி புதுக் கட்டையிலும் பெயர் எழுதுங்கள். ரிப்போர்ட்டில் உங்களுக்கு உபயோகமான பகுதி இதோடு முடிந்தது.

கருணாகரன் வாத்தியாரை உங்களுக்குத் தெரியும். சங்கத்துச் செயலாளர் ஆனபோது அவர் படத்தைப் போட்டோம்; பிளாக் நம்மிடமே இருந்தது. நான் சிங்கப்பூரில் படித்த மூன்று வருஷமும் வாரம் தவறாமல் எனக்குக் கடிதம் எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று அவர்தான் சொன்னார். பட்டம் வாங்கிக்கொண்டு மலாக்காவுக்குத் திரும்பினேன். எங்கள் தெருவில் முதல் பி.ஏ. நான். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தத் தேதியைக் கேட்டேன்.

“அம்மாகிட்டப் பேசிட்டேன், சந்திரா. ஒத்துக்க மாட்டேங்கறாங்க. உங்கப்பா ரோடு கூட்டறவரு. அம்மா மூச்சு இருக்கறவரைக்கும் நடக்காது” என்றார்.

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அதை நான் பார்த்தேன். ஆகவே அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு இருபத்தேழாம் தேதி அவரே பிரஸ்ஸுக்கு வந்தார். சிகாமட் ஊர் மளிகைக்கடைக்காரர் மகள் மல்லிகாவுக்கும் அவருக்கும் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மெர்டேக்கா சுதந்திர தின இதழில் படத்தோடு அறிவிப்பு வர வேண்டும் என்றார். தாளை என் மேஜைமேல்தான் வைத்தார். “படம் நல்லா வரணும், சந்திரா. மூக்கு இல்லாமப் போட்டுடாத” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு நேரத்தில் கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவினேன். எத்தனை முறை கழுவினேன் என்று நினைவில்லை.

அதே பக்கத்தில், உஜோங் பாசிர் பகுதி அப்பாசாமி என்ற பெரியவரின் மரண அறிவிப்பும் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்தது. அதற்கும் படம் உண்டு. இரண்டும் ஒரே அளவுக் கட்டை. கடைசி புரூப் சரியாக இருந்தது. என் கையெழுத்து அதில் இருக்கிறது. தம்பிராஜா அண்ணன் பக்கத்தை இரும்புச் சட்டத்தில் திருகி இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் திருகைத் தளர்த்தி இரண்டு கட்டைகளையும் மாற்றி வைத்து மறுபடி இறுக்கினேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை இதழ் வெளிவந்தது. மல்லிகாவுக்கு அறுபது வயது மாப்பிள்ளை என்று காப்பிக்கடையில் சிரித்தார்கள். அது எனக்கு முக்கியம் இல்லை. கருணாகரன் அன்று காலையில் சங்கத்து ஆட்களோடு கொடியேற்றம் பார்க்கக் கோலாலம்பூருக்கு பஸ் ஏறிவிட்டார். அவர் அம்மா பூங்காவனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீடுகள் பல தலைமுறையாக இங்கேயே இருக்கிற மலாக்காச் செட்டிக் குடும்பங்கள். நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், பேச்சு மலாய், தமிழ் எழுத்து தெரியாது. இவையெல்லாம் கடிதங்களில் அவரே எனக்கு எழுதியவை. தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கறுப்புக் கட்டம் என்றால் என்ன என்று தெரியும்.

அந்த வீட்டுக்கு நம் பத்திரிகை போவதில்லை. நான் கொண்டுபோனேன்.

“யாரும்மா?” என்றார்.

“பத்திரிகை ஆபீஸ்லேருந்து வர்றேன். சந்திரமதி.”

பெயரை அழுத்திச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “வெயில்ல வந்திருக்கியே, உள்ள வா. தேத்தண்ணி கலக்கறேன்” என்றார். என் அப்பா முனிசிபாலில் ரோடு கூட்டுகிறார் என்றும் சொன்னேன். அதற்காவது முகம் மாறும் என்று பார்த்தேன்.

“அட, நம்ம ரோட்டுக்கு வர்றவரா? தங்கமான மனுஷராச்சே. காலைல எங்க வீட்டுலதான் தண்ணி வாங்கிக் குடிப்பாரு. எங்க டம்ளர்லதாம்மா குடுப்பேன், தனியா எல்லாம் வெக்கறதில்ல. பி.ஏ. படிச்ச பொண்ணுன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போவாரே, அது நீதானா?”

என் பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறவர்போல் இருந்தார். நன்றாக நடித்தார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் நடிக்கவில்லை என்றால் நான் வேறு யாரையோ பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

பத்திரிகையைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். மகனின் கல்யாணச் செய்தி வருகிறது என்று அவருக்குத் தெரியும். ஆசையாகத்தான் விரலை ஓட்டினார். விரல் நின்றது. பக்கத்து வீட்டுக் காமாட்சியைக் கூப்பிட்டுக் காட்டினார். காமாட்சி கட்டத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு” என்று பூங்காவனம் என்னிடம் கேட்டார். தேத்தண்ணி சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன். அதற்குள் அவரே, “இது என் கருணாதானே?” என்றார்.

“ஆமாம்மா. அவர் படம்தான்.”

கேட்டதற்குப் பதில் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்னொரு முறை படிக்கச் சொல்லியிருந்தால் அப்பாசாமி என்ற பெயரைப் படித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. காலையில் பஸ் ஏறியவரின் சாவு மத்தியானம் பத்திரிகையில் வராது என்று நிதானமாக யோசித்தால் யாருக்கும் விளங்கும். அவர் யோசிக்கவும் இல்லை. “காலைலதானேம்மா பஸ் ஏறினான்... ரெண்டு இட்டிலிதான் சாப்பிட்டான்” என்றார். தூணில் சாய்ந்தார். சாய்ந்தபடியே கீழே சரிந்தார். என் கையைப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் விலக்க வேண்டியிருந்தது. காமாட்சி டாக்டரைக் கூப்பிட ஓடினார். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். இருட்டுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

“பாவம் அந்தப் பொண்ணு, பத்திரிகை குடுக்க வந்த எடத்துல இப்படி ஆயிருச்சு” என்று காமாட்சி எல்லோரிடமும் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார். போலீஸ்காரர் இரண்டு நிமிஷம்கூட என்னிடம் பேசவில்லை.

ஆனால் நீங்கள் தம்பிராஜா அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்கள். அவர் மறுக்கவில்லை. பெயர் இல்லாத கட்டைகளைத் தானே மாற்றி வைத்திருக்க வேண்டும் என்று அவர் மனதார நம்புகிறார். பதினாறாம் நாள் காரியத்தன்று கருணாகரனின் காலில் விழுந்து, “ஒங்கம்மாவ நான் கொன்னுட்டேன் சார்” என்று அழுதார். நான் அப்போது பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். செம்பை வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த இலைக்கு நகர்ந்தேன். பதினாறு வருஷமாக ஈயத்தில் கறுத்த அந்த விரல்கள் அவர் காலைப் பிடித்திருந்ததைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். கட்டைகளை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன், தெரிந்தே கொண்டுபோனேன், தெரிந்தே ஆமாம் என்றேன். இந்தத் தாளை நீங்கள் போலீசிடம் கொடுக்கலாம்.

என்னை இங்கே தேட வேண்டாம். பையை எடுத்துக்கொண்டுவிட்டேன், இதை உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போகிறேன். கல்யாணம் ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போயிற்று. சிகாமட்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள் என்கிறார்கள். உறவுக்காரர்களும் நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள். கருணாகரன் பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணிக்கு வருவார். வந்தால் அவருக்கு ஒரு வாய் சோறு போட அந்த வீட்டில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.