சகலையின் முயலுக்குக் காது கிழிந்தது பற்றி

காவல் ஆய்வாளர் அவர்களுக்கு. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வருடம்தான் எழுதக் கற்றேன். எழுத்தர் தாமே எழுதுவதாகச் சொன்னார், நான்தான் விடாமல் பேனாவை வாங்கிக்கொண்டேன். பெயரும் முகவரியும் மேலே உள்ளன. வயது எழுபத்தொன்று. கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்றவன்.

புகார் கொடுத்தவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். அவருடைய முயலை நான் வேண்டுமென்றே காயப்படுத்தினேன் என்பது புகார். அவர் அடுத்த தெருவில் ராட்சத முயல் வளர்க்கிறார். அதில் ஆண் முயல் ஒன்று ஆட்டுக்குட்டி அளவு இருக்கும், கண்காட்சியில் பரிசு வாங்கியது. "உங்க சகலையைப் பாருங்க, வயசானாலும் சும்மா உக்காரலை" என்று என் மனைவி சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு நான் அவரிடமே ஒரு பெண் குட்டி கேட்டு வாங்கினேன். "பொட்டைதான் அண்ணே. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, இந்த ஜாதியை மல்லாத்தவே கூடாது, முதுகு ஒடிஞ்சிரும்" என்று சொல்லிக் கொடுத்தார். நான் பின்னங்கால்களைத் தாங்கியே தூக்கினேன். கம்பியில் பாதம் புண்ணாகும் என்று கூண்டில் பலகை போட்டேன். வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ராணி என்று கூப்பிட்டேன். அது நன்றாக வளர்ந்தது. ஆனால் இணை சேர்க்க அவருடைய ஆணைக் கேட்டபோதெல்லாம் "கண்காட்சி முடியட்டும் அண்ணே" என்று தட்டிக்கழித்தார்.

அதன் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை சகலையும் அவர் மனைவியும் வெளியே போயிருந்தபோது ராணியைத் துணிக்கூடையில் வைத்து அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் பெண் கடிக்கும் என்பதும் சகலை சொன்னதுதான். கூண்டைத் திறந்து உள்ளே விட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடி பறந்தது. பிரித்து எடுப்பதற்குள் அவர் முயலின் இடது காது கிழிந்துவிட்டது. காது கிழிந்த முயலைக் கண்காட்சியில் சேர்க்க மாட்டார்கள். நான் ஓடவில்லை, துண்டால் ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சகலை வந்து பார்த்துவிட்டு, "வயித்தெரிச்சல்ல வேணும்னே கடிக்க விட்டுட்டீங்களே அண்ணே!" என்று கத்தினார்.

அதன் பிறகு இன்று காலை நிலையத்துக்கு இரண்டு முயல்களையும் கொண்டுவந்தோம். காவலர் வரவழைத்த கால்நடை மருத்துவர் ராணியை மடியில் மல்லாத்தி முடியை விலக்கிப் பார்த்தார். முதுகு ஒடியவில்லை. "இது ஆணுங்க. ரெண்டு ஆணை ஒரே கூண்டுல விட்டா வேற என்ன செய்யும்?" என்றார். காவலர் சிரித்துவிட்டார். நான் சகலையைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்கதானே பொட்டைன்னு பாத்துக் குடுத்தீங்க?" என்று கூட வந்திருந்த அவர் மனைவி கேட்டாள்.

"அக்கா வீட்டுக்காரர் கை பட்டா எதுவும் தழைக்கும்னு நீதானே ஓயாம சொல்லுவே? அவர் வீட்டுலயும் குட்டி பெருகிட்டா அப்புறம் என்னை எவன் மதிப்பான்?" என்றார் சகலை.

இத்தனை நாளும் நான் ஒருவன்தான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

கேட்காமல் அவர் வீட்டுக்குள் நுழைந்தது என் தப்பு. காதுக்கு மருந்து நானே தினமும் போய்ப் போட்டுவிடுகிறேன். ஆனால் வேண்டுமென்றே கடிக்க விடவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, நடந்ததை நடந்தபடி என் கையால் எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன். சகலை சொன்ன வார்த்தையை ஒரு எழுத்தும் மாற்றாமல் இதில் ஒரு நகல் எனக்குத் தர வேண்டும். என் மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

(கையெழுத்து)